கிராஷ் லாக் எழுதும் கோடே கிராஷ் ஆகும்போது: ஏஆர்எம்64-இல் அலைன்மென்ட் ஃபால்ட்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் பயன்படும். 64-பிட் ஏஆர்எம் போர்டு ஒன்று. அதில் 1 எம்பி ரேமை லினக்ஸ் கெர்னலின் கண்ணில் படாதபடி 'நோ-மேப்' போட்டு ஒதுக்கியிருக்கிறீர்கள். கெர்னல் பேனிக் ஆகும்போது (மீள முடியாத பிழையில் நின்றுபோகும்போது) உங்கள் சொந்த டிரைவர் கடைசிச் செய்திகளை அந்த இடத்தில் எழுதுகிறது, அடுத்த பூட்டில் எடுத்துப் படிக்கிறது. அந்த இடத்துக்குக் கெர்னல் முகவரி கொடுக்கும் மேப்பிங், ஐஓரீமேப் என்ற அழைப்பு வழியாக. எழுதுவது ஒவ்வொரு எழுத்தாக ஒரு லூப்பில்; படிப்பது மட்டும் ஒரே மெம்காப்பி (நினைவகத் துண்டை நகலெடுக்கும் ஃபங்ஷன்). பவரை அணைத்துப் போட்டால் எல்லாம் சரி. ஆனால் ஒருமுறை பேனிக் ஆகித் தானாக ரீசெட் ஆனதும், அடுத்த பூட்டில் டிரைவர் தொடங்கும்போதே மெம்காப்பிக்குள் 'அலைன்மென்ட் ஃபால்ட், 96000021' என்று விழுகிறது. மறுபடி பேனிக், மறுபடி ரீசெட், மறுபடி அதே இடம். பவரைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால்தான் போர்டு எழுகிறது. இதே கோடு எக்ஸ்86-லும் கியூஎம்யூ எமுலேட்டரிலும் பிரச்சினையில்லாமல் ஓடுகிறது. பாயிண்டர் எங்கோ கெட்டுப்போகிறது என்று இரண்டு வாரமாகத் தேடுகிறீர்கள். அலைன்மென்ட் சோதனையையே அணைத்துவிடலாமா என்றும் கேட்கிறீர்கள்.

உங்கள் பாயிண்டர் கெடவில்லை. அது சரியான இடத்தைத்தான் காட்டுகிறது. அந்த இடம் எந்த வகை நினைவகமாக மேப் ஆகியிருக்கிறது என்பதில்தான் சிக்கல். சோதனையை அணைக்கவும் வழியில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்த எண்ணை வாசிக்கப் பழகுங்கள். 96000021 என்பது ஏஆர்எம்64-இன் ஃபால்ட் பதிவேட்டு மதிப்பு, ஹெக்ஸில். முன்னால் உள்ள 96 'கெர்னல் தானே தரவைத் தொடப்போய் விழுந்தது' என்று சொல்கிறது. காரணம் கடைசி இரண்டு இலக்கங்களில் இருக்கிறது. 21 என்றால் அலைன்மென்ட், படிக்கும்போது. அதுவே எழுதும்போது என்றால் 61 என்று வரும், ஏனென்றால் எழுதுவதைக் குறிக்கும் பிட்டின் மதிப்பு ஹெக்ஸில் 40. 04 முதல் 07 வரை வந்தால் அந்த முகவரிக்கு மேப்பிங்கே இல்லை. அப்போதுதான் பாயிண்டரைச் சந்தேகிக்க வேண்டும். 10 என்றால் பஸ்ஸின் மறுமுனையிலிருந்து மறுப்பு வந்திருக்கிறது: ஃபர்ம்வேர் தனக்கென்று பூட்டிவைத்த பகுதியைத் தொட்டால் பல சிப்புகளில் இப்படித்தான் வரும். 35 என்றால் அந்த நினைவகம் அடாமிக் (நடுவில் யாரும் குறுக்கிட முடியாத) செயல்களை ஏற்கவில்லை. இந்த நான்கும் நான்கு வேறு வியாதிகள், மருந்தும் வேறு வேறு. 'மெமரி ஃபால்ட்' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டித் தேடும்போதுதான் வாரக்கணக்கில் நேரம் போகிறது.

சரி, 21 ஏன் வருகிறது? ஏஆர்எம்64-இல் ஐஓரீமேப் தருவது 'டிவைஸ்' வகை மேப்பிங். அந்தப் பக்கம் இருப்பது ரேம் அல்ல, ஒரு சாதனத்தின் பதிவேடுகள் என்று சிபியு எடுத்துக்கொள்ளும். அங்கே 8 பைட்டை ஒரே மூச்சில் தொட வேண்டுமானால் முகவரி 8-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். 4 பைட் என்றால் 4-ஆல். வகுபடாவிட்டால் ஃபால்ட். சாதாரண நினைவகத்துக்கு அலைன்மென்ட் சோதனையைக் கெர்னல் ஏற்கெனவே அணைத்துத்தான் வைத்திருக்கிறது. டிவைஸ் வகைக்கு அந்த சுவிட்சே பொருந்தாது, கட்டமைப்பின் விதி அது. அதனால்தான் அணைக்க வழியில்லை என்றேன்.

உங்கள் லாக் பகுதியின் தலைப்பை (ஹெடரை) பாருங்கள். அடையாள எண் 4 பைட், தொடக்க இடம் 4 பைட், அளவு 4 பைட். ஆக 12. லாக் எழுத்துகள் பன்னிரண்டாவது பைட்டில் தொடங்குகின்றன. பகுதியின் தொடக்கம் பக்க எல்லையில் இருப்பதால், மெம்காப்பி முதலில் தொடும் முகவரியின் கடைசி ஹெக்ஸ் எழுத்து 'சி', அதாவது 12. அதை 8-ஆல் வகுத்தால் மீதி 4. இன்றைய ஏஆர்எம்64 மெம்காப்பி நீளமான நகலில் முதல் வேலையாக 16 பைட்டை இரண்டு 8-பைட் பதிவேடுகளில் ஏற்றும். முகவரியை ஒழுங்குபடுத்துவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். முதல் அடியிலேயே விழுந்துவிட்டது. உங்கள் ஊப்ஸ் செய்தியில் (கெர்னல் அச்சிடும் பிழை அறிக்கையில்) ஃபால்ட் முகவரியின் கடைசி எழுத்தைப் பாருங்கள், 'சி' என்றுதான் இருக்க வேண்டும்.

எழுதும்போது ஏன் விழவில்லை என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு எழுத்தாக எழுதுகிறீர்கள். ஒரு பைட் எந்த முகவரியிலும் ஒழுங்காகத்தான் இருக்கும். 'வேகத்துக்காக எழுதுவதையும் மெம்காப்பிக்கு மாற்றப் போகிறேன்' என்று கேள்வியின் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, தயவுசெய்து வேண்டாம். இப்போது குறைந்தபட்சம் லாக் எழுதப்படுகிறது. மாற்றினால் பேனிக்குக்குள் இன்னொரு ஃபால்ட் வந்து அதுவும் போகும். ஏஆர்எம்64-இன் பழைய மெம்காப்பி மூல முகவரியை மட்டும் 16-க்கு ஒழுங்குபடுத்திக்கொள்ளும், சேரும் முகவரி எப்படி இருந்தாலும் கவலைப்படாது. அதனால் அதில் படிப்பது பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், எழுதுவது விழும். புதியதில் வேறு மாதிரி. எந்தப் பதிப்பிலும் மெம்காப்பி உங்களுக்கு வாக்குக் கொடுத்திருப்பது ஒன்றே ஒன்று: பைட்டுகள் சரியாகப் போய்ச் சேரும். எத்தனை பைட்டாக, எந்த வரிசையில், எந்த முகவரியிலிருந்து என்பதெல்லாம் அதன் சொந்த விஷயம்.

பவரை அணைத்துப் போட்டால் ஏன் சரியாகிறது? ரேமில் இருந்த அடையாள எண் மறைந்துவிடுகிறது. அடையாளம் பொருந்தாததால் டிரைவர் 'பழைய லாக் இல்லை' என்று முடிவெடுத்துத் தலைப்பை மட்டும் புதிதாக எழுதிக்கொண்டு போய்விடுகிறது. மெம்காப்பி வரை போவதே இல்லை. ரீசெட் மட்டும் ஆனால் ரேம் உள்ளடக்கம் பிழைக்கிறது, அடையாளம் பொருந்துகிறது, படிக்கப் போய் விழுகிறது. எக்ஸ்86 இப்படிப்பட்ட அணுகலைப் பொறுத்துக்கொள்ளும். கியூஎம்யூவின் பழைய பதிப்புகள் டிவைஸ் வகைக்கான இந்த விதியைச் சோதிப்பதே இல்லை. இரண்டிலும் ஓடியது உங்கள் கோடு சரி என்பதற்குச் சாட்சி ஆகாது.

இதில் நீங்கள் முதல் ஆள் இல்லை. லினக்ஸின் சொந்தக் கிராஷ் லாக் டிரைவரான ராமூப்ஸ் இதே பாதையில் படிப்படியாக அடிபட்டுத்தான் இன்றைய நிலைக்கு வந்தது, அந்தக் கதை உங்களுக்கு நேரடியாக உதவும். கிராஷ் லாக்குகளைச் சேமிக்கும் பிஸ்டோர் என்ற பொதுச் சட்டகம் 2011-இல் கெர்னலுக்குள் வந்தது. 2012-இல் ராமூப்ஸ் அதற்குள் சேர்ந்தது, ஆண்ட்ராய்டின் ராம்-கன்சோலிலிருந்து வந்த பகுதியும் அதோடு இணைந்தது. அதன் தலைப்பும் உங்களுடையதைப் போலவே 12 பைட்தான்: அடையாளம், தொடக்கம், அளவு. நீங்கள் அதைப் பார்த்துத்தான் எழுதினீர்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் அடிபட்டது அடாமிக்கில். தொடக்கத்தையும் அளவையும் பூட்டில்லாமல் புதுப்பிக்க அடாமிக் ஒப்பிட்டு-மாற்றும் முறை பயன்பட்டது. ஹைபேங்க் என்ற ஏஆர்எம் மேடையில் சிப்புக்குள்ளேயே உள்ள ரேமில் அந்த வகை அணுகலே கிடையாது. செய்தால் போர்டு அப்படியே நின்றுவிடும். 2013-இல் ஐஓரீமேப் செய்த பகுதிகளுக்கு மட்டும் ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை சுற்றிக் காத்திருக்கும் பூட்டு) என்று மாற்றினார்கள். அடுத்து 2014. பிரதான ரேமிலேயே ஒதுக்கிய பகுதிகளிலும் ஏஆர்எம் போர்டுகள் தொங்கின. காரணம் கேஷ் இல்லாத மேப்பிங் ஏஆர்எம்மில் 'கண்டிப்பான வரிசை' வகையாகிவிடுகிறது, அதன்மேல் அடாமிக் செயல் என்ன செய்யும் என்பது சிப்புக்குச் சிப்பு மாறும். இயல்புநிலை மேப்பிங்கை ரைட்-கம்பைனுக்கு (கேஷ் இல்லாமல், எழுதுவதைச் சேர்த்து அனுப்பும் வகைக்கு) மாற்றினார்கள். 2016-இல் ஏஆர்எம்64-இல் உங்கள் பிரச்சினையே வந்தது: எழுதும் பக்கத்தில் மெம்காப்பியை எடுத்துவிட்டு மெம்காப்பி-டூ-ஐஓ, படிக்கும் பக்கத்தில் மெம்காப்பி-ஃப்ரம்-ஐஓ என்று இரண்டு பேட்ச்கள். அதே ஆண்டு இன்னொருவர் பிசிஐ-எக்ஸ்பிரஸ்ஸுக்குப் பின்னால் உள்ள எஃப்பிஜிஏ சிப்பின் எஸ்ரேம் நினைவகத்தை லாக்குக்குப் பயன்படுத்தப் போய், அங்கே ஒப்பிட்டு-மாற்றுவது வேலை செய்யாமல் எல்லா பிட்டும் 1 என்று எழுதப்பட்டு, கிராஷுக்குள் கிராஷ் ஆனது. கடைசியில் அடாமிக் வழியையே கைவிட்டு எல்லா இடத்துக்கும் ஸ்பின்லாக் என்று முடித்தார்கள்.

இத்தனை திருத்தங்களிலும் பாயிண்டர் கணக்கில் ஒரு பிழையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும், சாதாரண ரேமுக்கு எழுதிய கோடு சாதாரணமாக மேப் ஆகாத ரேமில் ஓடியதால் வந்தது.

இப்போது உங்கள் திருத்தம். முதலில் மேப்பிங்கை ஐஓரீமேப்-டபிள்யூசி (ரைட்-கம்பைன் வடிவம்) ஆக மாற்றுங்கள். ஏஆர்எம்64-இல் அது 'சாதாரணம், ஆனால் கேஷ் இல்லை' என்ற வகையைத் தரும். 8-ஆல் வகுபடாத முகவரியையும் பொறுத்துக்கொள்ளும். இந்த ஒரே மாற்றத்தில் உங்கள் பூட் சுழற்சி நின்றுவிடும். பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். நீங்கள் நிறுத்தாதீர்கள். நாளைக்கு யாராவது மேப்பிங்கை மாற்றினால், அல்லது இதே டிரைவர் வேறு போர்டில் எஸ்ரேமுக்குப் போனால், ஃபால்ட் திரும்பி வரும். அதனால் அணுகும் முறையையும் மாற்றுங்கள். படிக்க மெம்காப்பி-ஃப்ரம்-ஐஓ, எழுத மெம்காப்பி-டூ-ஐஓ. ஏஆர்எம்64-இல் இவை 8-ஆல் வகுபடும் முகவரி வரும்வரை ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து, பிறகு எட்டெட்டாக, கடைசி மிச்சத்தை மறுபடி ஒவ்வொன்றாக நகலெடுக்கும். எந்த வகை மேப்பிங்கிலும் விழாது. வேகம் கொஞ்சம் குறையும். இறந்துகொண்டிருக்கும் கெர்னலில் சில மைக்ரோ நொடிகள் யாருக்கும் தேவையில்லை.

மெம்காப்பியை மாற்றியதோடு வேலை முடியவில்லை. மெம்காப்பி என்று எழுதாத இடத்திலும் அதே ஃபால்ட் ஒளிந்திருக்கும், அதைத்தான் பெரும்பாலும் தவறவிடுகிறோம்.

மெம்செட்டை எடுத்துக்கொள்வோம். பூஜ்யத்தால் நிரப்பச் சொன்னால் ஏஆர்எம்64 மெம்செட் பெரிய பகுதிகளுக்கு, ஒரு கேஷ் துண்டை மொத்தமாகப் பூஜ்யமாக்கும் தனிக் கட்டளை ஒன்றைப் பயன்படுத்தும். டிவைஸ் வகை நினைவகத்தில் அந்தக் கட்டளை, முகவரி எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், அலைன்மென்ட் ஃபால்ட்தான் தரும். முகவரி 64-ஆல் அழகாக வகுபடுகிறது, ஆனாலும் 'அலைன்மென்ட்' என்று திட்டுகிறது என்று குழம்பி நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் தலைப்பை மட்டும் அழிப்பதால் தப்பித்தீர்கள். முழுப் பகுதியையும் அழிக்க நேர்ந்தால் மெம்செட்-ஐஓ போடுங்கள்.

இன்னொன்று கம்பைலர். தலைப்பில் தொடக்கம் நான்காவது பைட்டில், அளவு எட்டாவது பைட்டில். 'தொடக்கம் பூஜ்யம்; அளவு பூஜ்யம்' என்று அடுத்தடுத்து இரண்டு வரி எழுதினால், கம்பைலர் இரண்டையும் சேர்த்து நான்காவது பைட்டில் ஒரே 8-பைட் எழுத்தாக்கிவிட உரிமை உண்டு. சாதாரண ரேமில் அது நல்ல காரியம். உங்கள் இடத்தில் அது ஃபால்ட், அதுவும் மேம்படுத்தல் அளவை மாற்றினால் வந்து போய்க்கொண்டிருக்கும் ஃபால்ட். மூலக்கோட்டில் எவ்வளவு பார்த்தாலும் தெரியாது, டிஸ்அசெம்ப்ளியில்தான் தெரியும். தலைப்பின் புலங்களை ரீட்எல், ரைட்எல் (4 பைட்டை ஒரே அணுகலாகப் படிக்கும், எழுதும் அழைப்புகள்) மூலம் மட்டும் தொடுங்கள். ஸ்ட்ரக்ட் முழுவதையும் ஒரே சமக்குறியில் நகலெடுக்கவும் கூடாது, கம்பைலர் அதை மெம்காப்பி அழைப்பாகவே மாற்றக்கூடும். பழைய லாக் வடிவம் எங்கும் வெளியே போயிராவிட்டால், தலைப்பை 16 பைட் ஆக்கிவிடுங்கள். நான்கு பைட் வீணாவதில் ஒன்றும் குடிமுழுகாது.

எஸ்பிரிண்ட்எஃப் போன்ற, வரி அமைக்கும் ஃபங்ஷன்களை நேராக அந்தப் பகுதிக்குள் விடாதீர்கள். சாதாரண நினைவகத்தில் ஒரு சிறு பஃபரை முன்கூட்டியே ஒதுக்கி, அதில் வரியை அமைத்து, அங்கிருந்து மெம்காப்பி-டூ-ஐஓ.

இவற்றையெல்லாம் கண்ணால் பிடிப்பது கடினம், கருவி இருக்கிறது. ஐஓரீமேப் தரும் பாயிண்டர் 'ஐஓமெம்' என்ற அடையாளத்தோடு வரும். ஸ்பார்ஸ் என்ற மூலக்கோடு சோதிக்கும் கருவியை ஓட்டினால், அந்தப் பாயிண்டர் சாதாரண மெம்காப்பிக்குப் போகும் ஒவ்வொரு இடத்தையும் அது காட்டும். உங்கள் டிரைவரில் ஐஓரீமேப் வரியிலேயே வேறு வகைக்குக் காஸ்ட் செய்து எச்சரிக்கையை அடக்கியிருக்கிறீர்கள். அந்தக் காஸ்ட்டை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இனி அந்த 12 பைட்டில் உள்ள எண்களை நம்புவது பற்றி. ரீசெட்டுக்குப் பிறகு அந்த இடத்தில் இருப்பது உங்கள் லாக்காக இருக்கலாம். பூட்லோடர் பாதி மேலெழுதியதாக இருக்கலாம். பவர் ஒரு கணம் போய் வந்ததில் சில பிட்டுகள் புரண்டதாகவும் இருக்கலாம். அடையாளம் பொருந்துவது மட்டும் போதாது. அளவு பகுதிக்குள் அடங்குகிறதா, தொடக்கம் அளவுக்குள் அடங்குகிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். ராமூப்ஸில் இதிலும் ஒரு ஓட்டை இருந்து 2023-இல் அடைத்தார்கள். அளவு பூஜ்யம் என்றால் 'காலியான, ஆனால் செல்லும் பகுதி' என்று எடுத்துக்கொண்டு, தொடக்கத்தைப் பார்க்காமலே விட்டுவிட்டது கோடு. அளவு பூஜ்யமாகவும் தொடக்கத்தில் குப்பையும் இருந்தால், பிற்பாடு எழுதப்போகும்போது பகுதிக்கு வெளியே எழுதி விழும். உங்கள் டிரைவரிலும் 'அளவு பூஜ்யம் என்றால் திரும்பிப் போ' என்று முதல் வரியிலேயே இருக்கிறது, தொடக்கத்தைச் சரிபார்ப்பது அதற்குக் கீழே. வரிசையை மாற்றுங்கள்.

மேப்பிங் பிழைகளில் இன்னொன்றைக் கிட்டத்தில் காட்ட ஆசை, ஏனென்றால் அது பாதி நேரம் வேலை செய்யும் வகை. ராமூப்ஸில் பகுதியை மேப் செய்ய இரண்டு வழி உண்டு. கெர்னல் அறிந்த ரேம் என்றால் விமேப், இல்லாவிட்டால் ஐஓரீமேப். விமேப் பக்கத்தின் தொடக்க முகவரியைத்தான் தரும், பக்கத்துக்குள் எத்தனை பைட் தள்ளி நம் பகுதி தொடங்குகிறதோ அதை நாம் கூட்ட வேண்டும். ஐஓரீமேப் அதைத் தானே கூட்டித் தரும். இரண்டின் விடையையும் வாங்கிய பொதுக் கோடு இரண்டுக்குமே ஒருமுறை கூட்டியது. ஆக ஐஓரீமேப் வழியில் இரண்டு முறை. 4096 பைட்டை எட்டு சிபியுவுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 512. இரண்டாவது பங்கு 512 தள்ளி இருக்க வேண்டியது 1024-இல் போய் உட்காரும். தவறான இடம், ஆனாலும் அதே பக்கம்தான், ஃபால்ட் இல்லை. ஆறாவது பங்கு 2560-இல் இருக்க வேண்டியது. இரட்டித்தால் 5120, அடுத்த பக்கம். அங்கே மேப்பிங் இல்லாவிட்டால் பேனிக். 2048-ஐ எட்டினாலோ தாண்டினாலோ மட்டும் விழும் இந்தப் பிழையை 2018-இல் திருத்தினார்கள்: விமேப் வழியே தன் பங்கைக் கூட்டிக்கொண்டு திரும்பும், பொதுக் கோடு எதையும் கூட்டாது. அப்படிக் கூட்டும்போது விமேப் தோற்றதா என்பதைக் கூட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். தோற்றால் வருவது பூஜ்யம். பூஜ்யத்தோடு 512-ஐக் கூட்டினால் 512, அதைப் 'பூஜ்யமா?' என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். விடுவிக்கும்போதும் கூட்டியதைக் கழித்துப் பக்கத் தொடக்கத்தைத்தான் விவிமேப்புக்குக் கொடுக்க வேண்டும்.

உங்கள் வழியிலும் பூஜ்யம் வர வாய்ப்பு உண்டு. கெர்னல் தன் ரேம் என்று கருதும் பகுதியை ஐஓரீமேப் செய்யக் கேட்டால் ஏஆர்எம்64 எச்சரிக்கை கொடுத்து மறுத்துவிடும். டிவைஸ் ட்ரீயில் (போர்டின் வன்பொருளை விவரிக்கும் கோப்பில்) யாராவது 'நோ-மேப்' வரியை எடுத்துவிட்டால் அடுத்த நாளே இது நடக்கும். ஒரே நினைவகத்தைக் கேஷோடு ஓரிடத்திலும் கேஷ் இல்லாமல் இன்னோரிடத்திலும் மேப் செய்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று முரணான தரவைக் காட்டலாம், அதனால்தான் அந்த மறுப்பு.

கேஷோடு மேப் செய்தால் அலைன்மென்ட் தொல்லையே இல்லையே என்று தோன்றும். உண்மைதான், ராமூப்ஸிலும் அதற்கு வசதி உண்டு: மெம்-டைப் 0 என்றால் ரைட்-கம்பைன், 1 என்றால் பஃபரும் இல்லாத வகை, 2 என்றால் கேஷோடு கூடிய சாதாரண நினைவகம். ஆனால் கேஷில் எழுதியது ரேமுக்குப் போகும்வரை அது லாக் அல்ல. நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில் கேஷோடு மேப் செய்த லாக் பகுதி இருந்தது. நாமே வரவழைத்த பேனிக்கில் லாக் முழுசாக வரும். வாட்ச்டாக் (கெர்னல் தொங்கினால் ரீசெட் செய்யும் டைமர்) நேராக ரீசெட் அடித்தால் கடைசி வரிகள் மட்டும் இருக்காது, அவற்றின் இடத்தில் முந்தைய சுற்றின் பழைய எழுத்துகள். அந்தக் கடைசி வரிகளில்தான் எங்களுக்கு வேண்டியது இருந்தது. கெர்னலின் மரண வாக்குமூலம் அது; அதில் கடைசி வாக்கியம் இல்லையென்றால் மீதியை வைத்து என்ன செய்வது? ரைட்-கம்பைனிலும் எழுத்துகள் எழுதும் பஃபரில் கொஞ்ச நேரம் தங்கும். ஒவ்வொரு பதிவும் முடிந்ததும் ஒரு டபிள்யூஎம்பி தடுப்பு (முன்னால் எழுதியவை முடிந்த பிறகே அடுத்தவை போகும்படி செய்யும் கட்டளை) போடுங்கள். தரவை எழுதி, தடுப்பு போட்டு, அதன் பிறகு அளவைப் புதுப்பித்து, மறுபடி தடுப்பு. நடுவில் செத்தாலும் அளவு சொல்லும் வரை உள்ளது உண்மையான எழுத்தாக இருக்கும்.

ஃபால்ட் போன பிறகும் லாக் வராமல் போனால் ஸ்பின்லாக் பூட்டைச் சந்தேகியுங்கள். பேனிக்கில் மற்ற சிபியுக்கள் நிறுத்தப்படும். அவற்றில் ஒன்று உங்கள் ஸ்பின்லாக்கைக் கையில் வைத்தபடி நின்றுபோயிருந்தால், நீங்கள் காத்திருப்பது என்றென்றைக்கும்தான். அந்தப் பாதையில் முயன்று பார்க்கும் பூட்டு மட்டும். கிடைக்காவிட்டால் பதிவைக் கைவிடலாம், அல்லது மற்றவை நின்றுவிட்டது உறுதி என்றால் பூட்டில்லாமலே எழுதலாம். நினைவக ஒதுக்கீடு கூடாது, தூங்கும் எந்த அழைப்பும் கூடாது. அப்புறம் சாதாரண நினைவகத்தில் ஒரு கொடி: 'லாக் எழுதிக்கொண்டிருக்கிறேன்'. அது ஏற்கெனவே ஏற்றியிருந்தால் எதையும் தொடாமல் திரும்புங்கள். லாக் எழுதும்போதே ஃபால்ட் வந்து மறுபடி லாக் எழுத வரும் சுழலை அது அறுக்கும். கொடியை அந்த 1 எம்பி பகுதிக்குள் வைக்காதீர்கள். அடாமிக்கை அங்கே நம்ப முடியாது என்பதை மேலே பார்த்தோம்.

சோதனை. தொடக்க இடம் 0 முதல் 15 வரை, நீளம் 1 முதல் 64 வரை, எல்லாச் சேர்க்கையும்: 1024 நகல்கள். எழுதி, படித்து, ஒப்பிடுங்கள். பகுதியின் முடிவைத் தாண்டிச் சுற்றி வரும் நகலையும் சேருங்கள். இதை ஒருமுறை வேண்டுமென்றே டிவைஸ் மேப்பிங்கில், அதாவது வெறும் ஐஓரீமேப்பில், உண்மையான போர்டில் ஓட்டுங்கள். மிகக் கண்டிப்பான வகையில் தேறினால் ரைட்-கம்பைனில் தானாகத் தேறும். பிறகு கெர்னலுக்கு நேராகக் கட்டளை தரும் சிஸ்ஆர்க்யூவின் 'சி' விசையால் பேனிக் வரவழைத்து ஒருமுறை, வாட்ச்டாக்கை ஊட்டாமல் விட்டு ஒருமுறை, பவரைப் பிடுங்கி ஒருமுறை. மூன்றும் மூன்று வேறு பாதைகள். கடைசியாக அந்த 12 பைட்டிலும் குப்பை எண்களைப் போட்டுவிட்டு ரீசெட் செய்யுங்கள். டிரைவர் 'செல்லாத பகுதி' என்று சொல்லி அழித்துவிட்டு மேலே போக வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்வி கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சொந்த டிரைவர் அவசியமா? ராமூப்ஸுக்கு டிவைஸ் ட்ரீயில் ஒரு நோட், பதிவின் அளவு, கன்சோலின் அளவு என்று சில வரிகள் போதும். பிட் புரள்வதைச் சரிசெய்யும் வசதியும் உண்டு. ஈசிசி 1 என்று கொடுத்தால் 128 பைட்டுக்கு 16 பைட் திருத்தக் குறியீடு சேர்த்துக்கொள்ளும். அடுத்த பூட்டில் பிஸ்டோர் கோப்பமைப்பை மவுன்ட் செய்தால் பழைய லாக் சாதாரணக் கோப்பாக வந்து நிற்கும், அழித்தால் இடம் விடுபடும். உங்கள் லாக் வடிவத்தை வேறு ஏதாவது சாதனம் நேராகப் படிக்கிறது என்றால் சொந்த டிரைவருக்கு நியாயம் இருக்கிறது. அப்படி எதுவும் கேள்வியில் இல்லை. இருந்தால் எழுதுங்கள், 16 பைட் தலைப்புக்கு மாறும்போது பழைய வடிவத்தையும் எப்படிப் படிப்பது என்று தனியாகச் சொல்கிறேன். அதுவரைக்கும் இன்றைக்கே செய்ய வேண்டியது: அந்தக் காஸ்ட்டை எடுங்கள், மெம்காப்பியை மெம்காப்பி-ஃப்ரம்-ஐஓ ஆக்குங்கள், போர்டைப் பேனிக் ஆக்கிப் பாருங்கள். மறுபடி விழுந்தால் அந்த எட்டு இலக்க எண்ணையும் ஃபால்ட் முகவரியையும் அப்படியே அனுப்புங்கள்.